பட்டறை டைரி – 9: விளக்கு எரியுது, விளக்கம் எங்கே?

மக்களே, ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. ஆணி அதிகம். மிட்டெர்ம் ஒரு பக்கம், புரொபசர் ஒரு பக்கம்னு மாத்தி மாத்தி இழுத்ததுல செயின் பத்தி ஆரம்பிச்ச பதிவு பாதியில நிக்குது. அதை அடுத்த வாரம் முடிச்சிடலாம். இன்னிக்கு கரண்டு.

நல்லா ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்ச ஆளுங்ககூட கரண்டுன்னு சொன்னா ரெண்டடி பின்னாடி போயிடுவாங்க. காரணம் புரியுது. செயின் தளர்ந்தா கண்ணுக்குத் தெரியும். ஆயில் ஒழுகினா தரையில தெரியும். பேரிங் போனா காதுக்குத் தெரியும். கரண்டு மட்டும் குலசாமி மாதிரி, இருக்குன்னு நம்பிக்கிட்டு கும்பிடணும். அதனாலதான் மீட்டர்ல மஞ்சக் கலர் இஞ்சின் விளக்கு எரிஞ்சதும் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "கோடு என்ன வருது?" கோடு வந்ததும் அதுக்குப் பக்கத்துல எந்த பார்ட் பேரு போட்டிருக்கோ அதை ஆர்டர் பண்ணிடுவாங்க. பார்ட் வரும், மாட்டுவாங்க, விளக்கு மறுபடி எரியும். அப்புறம் வண்டியைத் திட்டுவாங்க.

கோடு சொல்றது குடுகுடுப்பைக்காரன் சொல்ற குறி இல்லீங்க. அது ஒரு சாட்சி வாக்குமூலம். "நான் இந்த வயர்ல இவ்வளவு வோல்டேஜ் வரும்னு எதிர்பார்த்தேன், வரல"ன்னு ஈசியூ சொல்லுது, அவ்வளவுதான். யாரு குத்தவாளின்னு அது சொல்லவே இல்ல. தீர்ப்பு நாமதான் எழுதணும்.

ஒரு உதாரணம் பாப்போம். இஞ்சின் சூட்டைப் பாக்குற சென்சார் இருக்கில்லையா, அது உள்ளுக்குள்ள வெறும் ஒரு ரெசிஸ்டர். சூடு ஏற ஏற அதோட தடை குறையும். ஈசியூ அதுக்கு 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிஞ்சி நிக்குதுன்னு அளக்குது. நல்லா இருக்கும்போது அந்த வோல்டேஜ் பூஜ்யத்துக்கும் போகாது, அஞ்சுக்கும் போகாது, நடுவுலயேதான் ஆடும். வயர் எங்கயாவது அறுந்து போச்சுன்னா அளவு நேரா 5 வோல்ட்டுக்கு ஏறிடும். வயர் தோல் உரிஞ்சு சேசிஸ்ல ஒட்டிக்கிச்சுன்னா பூஜ்யத்துக்கு இறங்கிடும். முதலாவதுக்கு கார்கள்ல பி0118, ரெண்டாவதுக்கு பி0117. ரெண்டுக்கும் புத்தகத்துல பக்கத்துல எழுதியிருக்கறது "கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட்". நம்ம ஆளுங்க "சென்சார்" வரைக்கும் படிச்சுட்டு "சர்க்யூட்"டை விட்டுடறாங்க. சர்க்யூட்னா சென்சார், ரெண்டு வயர், நடுவுல நாலு கப்ளர், எர்த், கடைசியா ஈசியூ எல்லாம் சேர்ந்தது. இதுல சென்சார் ஒரே ஒரு ஆளு.

இதை வெச்சு காசு செலவில்லாம ஒரு சோதனை பண்ணலாம். கோடு "வோல்டேஜ் கம்மி"ன்னு சொன்னா, சாவியை ஆஃப் பண்ணி சென்சார் கப்ளரைக் கழட்டிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. இப்போ கோடு "வோல்டேஜ் அதிகம்"னு மாறினா வயரும் ஈசியூவும் சரியாத்தான் இருக்கு, சென்சார் மேல சந்தேகப்படலாம். கழட்டின பிறகும் "கம்மி"ன்னே அடம் பிடிச்சா சென்சார் பாவம், வழியில வயர் எங்கயோ எர்த் ஆகுது. ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கு மல்டிமீட்டர்கூட வேண்டாம்.

சரி, பைக்குல கோடை எப்படிப் படிக்கறது? இங்கதான் கொஞ்சம் வயித்தெரிச்சல். அமெரிக்கால கார்களுக்கு 1996 மாடல்லேர்ந்து ஓபிடி-2 கட்டாயம். எந்தக் கம்பெனி கார்னாலும் ஸ்டியரிங்குக்குக் கீழ அதே 16 பின் சாக்கெட், அதே கோடு. 20 டாலர் ரீடர் வாங்கி சொருகினா போதும். பைக்குகளுக்கு அந்த விதி இல்லாததால ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு பாஷை பேசிக்கிட்டிருந்தது. ஹோண்டா விளக்கைச் சிமிட்டும்: நீளமா ஒண்ணுன்னா 10, குட்டியா ஒண்ணுன்னா 1, கூட்டிக்கணும். சுசுகில சீட்டுக்கடியில ஒரு கப்ளர் இருக்கும், அதை ஷார்ட் பண்ணினா மீட்டர்லயே சி12, சி24ன்னு வரும் (சி00 வந்தா ஒரு குறையும் இல்லைன்னு அர்த்தம், ஜாலி). யமஹா நேரா நம்பரே காட்டும். 46 வந்தா சார்ஜிங் வோல்டேஜ் சரியில்லைன்னு அர்த்தம். ஐரோப்பால யூரோ 5, நம்ம ஊர்ல பிஎஸ்6 வந்த பிறகுதான் பைக்குகளுக்குன்னு சிகப்புக் கலர்ல ஒரு 6 பின் கப்ளர் பொதுவா ஆச்சு. அதுக்கு 16 பின் அடாப்டர் விக்குது. அதை வாங்கிட்டா கார் ரீடரையே பைக்குல போடலாம், அடிப்படை கோடுகளைப் படிச்சிடலாம்.

டெக்சஸ்ல இன்னொரு கூத்து. டல்லாஸ் மாதிரி பெரிய கவுண்டிகள்ல கார் வெச்சிருக்கறவன் செக் இஞ்சின் விளக்கு எரிஞ்சா எமிஷன் டெஸ்ட்ல ஃபெயில் ஆவான், ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியாது, அதனால அலறி அடிச்சுக்கிட்டு சரி பண்ணுவான். பைக்குக்கு அந்த டெஸ்டே கிடையாது. முன்னாடி வருஷாந்திர சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனாவது இருந்தது. 2025 ஜனவரியிலேர்ந்து தனியார் வண்டிகளுக்கு அதையும் எடுத்துட்டாங்க. ஆக, மஞ்ச விளக்கு எரிய எரிய எத்தனை வருஷம் வேணாலும் ஓட்டலாம், கேக்க ஆளில்ல. வண்டி நடு ரோட்டுல நிக்கறப்போதான் கேள்வி வரும்.

அப்படித்தான் எங்க அபார்ட்மெண்ட் கரூர்க்காரனுக்கு வந்தது. 12 வருஷப் பழசு, ஜப்பான்காரன் தயாரிச்ச ரெட்டை சிலிண்டர் எஃப்ஐ வண்டி. கம்பெனி பேரு வேண்டாம், வண்டி மேல தப்பில்ல, 12 வருஷம் டெக்சஸ் வெயில்ல நின்னா நாமளே உருகிடுவோம். பிரச்சனை இதுதான்: ஆகஸ்ட் மாசம், வெளிய 40 டிகிரி. அரை மணி நேரம் ஓட்டினதும் இஞ்சின் சட்டுனு கட் ஆகும். மீட்டர் எரியும், ஹெட்லைட் எரியும், இஞ்சின் மட்டும் செத்துடும். ஓரமா நிறுத்தி இருபது நிமிஷம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். கோடு பாத்தா கிராங்க் சென்சார். நம்ம ஊர் பாஷைல பல்சர் காயில்.

ஒரு கடைல கேட்டான். செக் பண்ணவே தனி சார்ஜ், மணிக்கு நூறு டாலருக்கு மேல லேபர், எல்லாம் சேர்த்து நானூறைத் தாண்டும்னு சொல்லிட்டாங்க. எஃப்-1 விசால செமஸ்டர் நடக்கறப்போ வாரத்துக்கு 20 மணி நேரம், அதுவும் கேம்பஸ்குள்ளதான் வேலை பாக்க முடியும். நானூறு டாலர்னா அவனுக்கு ரெண்டு வாரச் சம்பளம். அவனே இணையத்துல சென்சார் வாங்கினான், எழுபது டாலர். இஞ்சின் கவரைக் கழட்டி, கேஸ்கட் மாத்தி, சுத்தமாத்தான் மாட்டினான். ரெண்டு நாள் ஓடிச்சு. மூணாவது நாள் பிளேனோ போறப்போ 75 ஹைவேல, நடு லேன்ல, அறுபத்தஞ்சு மைல் வேகத்துல மறுபடி செத்துச்சு. பின்னாடி ஒரு பதினெட்டு சக்கர லாரி. கிளட்ச்சைப் பிடிச்சு உருண்டுக்கிட்டே ஓரத்துக்கு வந்திருக்கான். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக்கூட கழட்டாம பத்து நிமிஷம் சோஃபால உக்காந்திருந்தான். "மாப்ள, இனிமே பஸ்ல போயிக்கிறேன்டா"ன்னான். டல்லாஸ்ல பஸ்ல போயிக்கிறேன்னு ஒருத்தன் சொன்னா எவ்வளவு பயந்திருப்பான்னு இங்க இருக்கறவங்களுக்குப் புரியும்.

அந்த சனிக்கிழமை பார்க்கிங்ல உக்காந்தோம். கோடை ஓரமா வெச்சுட்டு பேட்டரிலேர்ந்து ஆரம்பிச்சோம். எந்தக் கோடு வந்தாலும் நான் பேட்டரிலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். சாப்பாடு சரியா போகுதான்னு பாக்காம மத்த டெஸ்ட் எதுக்கு? நிறைஞ்ச பேட்டரி சும்மா இருக்கறப்போ 12.6லேர்ந்து 12.8 வோல்ட் காட்டணும். இது 12.3. இஞ்சினை 5000 ஆர்பிஎம் வரைக்கும் ஏத்தினா சார்ஜிங் 13.5லேர்ந்து 14.5க்குள்ள வரணும். வந்தது 12.8. இதைப் பத்தி கோடு ஒரு வார்த்தை சொல்லல பாருங்க.

அடுத்தது காயில் பிளேட்டுலேர்ந்து ரெகுலேட்டருக்குப் போற மூணு மஞ்ச வயர். கப்ளரைப் பிரிச்சதுமே பாதி விடை தெரிஞ்சுபோச்சு. வெள்ளையா இருக்க வேண்டிய பிளாஸ்டிக் டிகிரி காபி கலர்ல இருந்தது, ஒரு பின் பக்கம் உருகியே போயிருந்தது. மூணு மஞ்ச வயரை ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்து ஏசி வோல்டேஜ் பாத்தோம். மூணு ஜோடியும் ஒரே மாதிரி அறுபது சொச்சம். எந்த வயரும் எர்த் ஆகல. காயில் சுத்தம். கரண்டு தயாராகுது, ஆனா வாசல்ல நிக்குது, உள்ள போக முடியல.

ஒரு கப்ளர் எதுக்கு இப்படி உருகணும்னு கேப்பீங்க. கணக்கு போட்டுப் பாருங்க. பின் லேசா துரு பிடிச்சு தளர்ந்து, அந்த இடத்துல 0.1 ஓம் தடை வந்துடுச்சுன்னு வெச்சுக்குங்க. 15 ஆம்ப் ஓடினா சூடு = 15 × 15 × 0.1 = 22.5 வாட். ரேடியோ கடைல வெச்சிருக்கற சோல்டரிங் அயர்ன் 25 வாட். அதாவது ஒரு சோல்டரிங் அயர்னை சீட்டுக்கடியில சொருகி வெச்சுக்கிட்டு ஹைவேல போறோம். போதாக்குறைக்கு இந்த மாதிரி வண்டிகள்ல பெரும்பாலும் ஷன்ட் டைப் ரெகுலேட்டர். மிஞ்சற கரண்டை ஷார்ட் பண்ணியே சமாளிக்கும், அதனால லைட்டை அணைச்சாலும் காயில் முழு மூச்சா உழைச்சுக்கிட்டுதான் இருக்கும். இது ஒண்ணும் அபூர்வமான நோய் இல்ல. ரெகுலேட்டருக்கும் சூட்டுக்கும் ஆகாது. 2011ல சுசுகி அமெரிக்கால 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைக்குகளை ரெகுலேட்டர் ரெக்டிஃபயருக்காகவே திரும்பக் கூப்பிட்டது. உள்ள இருக்கற சர்க்யூட் சூட்டுல உடம்போட ஒட்டாம பிரிஞ்சு, பேட்டரி சார்ஜ் ஆகாம போறதுதான் குறை.

நம்ம கதைக்கு வருவோம். சார்ஜிங் புரிஞ்சுது. பல்சர் காயில் கோடு எங்கேர்ந்து வந்தது? இஞ்சின் இடது பக்க கவர்லேர்ந்து மூணு மஞ்ச வயரும் பல்சர் வயர் ரெண்டும் ஒரே உறைக்குள்ளதான் வெளிய வருது. ஆறின நிலைல பல்சர் வயரை எர்த்தோட வெச்சு அளந்தோம், தொடர்பே இல்ல, சுத்தம். இங்கதான் எல்லாரும் "வயரிங் ஓகே"ன்னு மூடிடுவாங்க. வண்டி நிக்கறது சூட்டுலதானே? அப்போ சூட்டுலதானே அளக்கணும்? ஹேர் டிரையர் கொண்டு வந்து (இன்னொரு ரூம்மேட்டோடது, கேக்காம எடுத்தது, இதைப் படிச்சா மன்னிச்சுக்கோ தல) அந்த உறை மேல அஞ்சு நிமிஷம் அடிச்சோம். மீட்டர்ல எண் கடகடன்னு இறங்கி சில நூறு ஓம்ல வந்து நின்னுச்சு. கரூர்க்காரன் முகத்தைப் பாக்கணுமே! உறையைக் கீறிப் பாத்தா, மஞ்ச வயர் சூட்டுல பல்சர் வயர் தோல் இளகி, ஒரு இடத்துல செம்பு தெரிஞ்சு, பிராக்கெட் ஓரத்துல உரசிக்கிட்டிருந்தது. சூட்டுல இளகும்போது தொடும், ஆறினா விலகும். கிராங்க் சிக்னல் வரலைன்னு ஈசியூ சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. சென்சார் மட்டும் நிரபராதி.

உருகின கப்ளரை வெட்டி எறிஞ்சுட்டு மூணு மஞ்ச வயரையும் நேரா கிரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டோம். (எந்த மஞ்சளை எந்த மஞ்சளோட சேர்க்கறதுன்னு குழம்ப வேண்டாம், மூணும் ஏசி, எப்படிச் சேர்த்தாலும் ரெக்டிஃபயர் பாத்துக்கும்.) பல்சர் வயருக்குப் புது உறை, தனி வழி. மொத்தச் செலவு 11 டாலர். இப்போ 14.2 வோல்ட் வருது, ரெண்டு மாசமா விளக்கு எரியல. பழைய சென்சார் டிராயர்ல தூங்குது.

கோடு வந்தா இந்தக் கதை. கோடே வராட்டி? அதுக்கு நம்ம சென்னைலயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

2021 மே மாசம் ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. மீட்டியோர், கிளாசிக், புல்லட் மூணும், எல்லாம் 350. மீட்டியோர்ல 2020 டிசம்பர்லேர்ந்து 2021 ஏப்ரல் வரை, மத்த ரெண்டுல 2021 ஜனவரிலேர்ந்து ஏப்ரல் வரை தயாரானது. இந்தியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, இந்த ஏழு நாடுகள்ல வித்த வண்டிகள். அமெரிக்கா பட்டியல்ல இல்ல. காரணம் இக்னிஷன் காயில். வெளிய வாங்கின பார்ட்ல குறை. மிஸ்ஃபயர் ஆகலாம், இழுவை குறையலாம், அரிதா ஷார்ட் சர்க்யூட் கூட ஆகலாம்னு கம்பெனியே சொன்னது. பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் மாத்த வேண்டியிருக்கும்னும் சொன்னது.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், அந்தக் குறையை யாரு கண்டுபிடிச்சாங்கங்கறது. கம்பெனியோட வழக்கமான உள் சோதனைல தெரிஞ்சது. அந்த வண்டிகள்ல எல்லாம் ஓபிடி இருந்துச்சே? 2020 ஏப்ரல் 1லேர்ந்து பிஎஸ்6, கூடவே ஓபிடி முதல் கட்டமும் வந்தாச்சு. ஆனா அந்த முதல் கட்டம் பாக்கறது வயர் அறுந்துச்சா, ஷார்ட் ஆச்சாங்கறதை மட்டும்தான். மிஸ்ஃபயர் ஆகுதான்னு கண்காணிக்கறது ரெண்டாம் கட்ட வேலை. அது டூவீலர்களுக்கு 2023 ஏப்ரல்லேர்ந்துதான் படிப்படியா வருது. பொதுவா இக்னிஷன் காயில்ல ஈசியூ பாக்கறது பிரைமரி பக்கத்தை, அதாவது 12 வோல்ட் போற பக்கத்தை. பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் போற செகண்டரி பக்கம் இன்சுலேஷன் லேசா கசிஞ்சா வண்டி திக்கும், இழுக்காது, ஆனா பிரைமரி பக்கம் எல்லாம் சரியாவே தெரியும். விளக்கு எரியாது. "விளக்கு எரியலையே தம்பி"ன்னு சர்வீஸ் சென்டர்ல அனுப்பி வெச்சா நம்பிடாதீங்க. இந்த இடத்துல ஜிபி ரோடு மெக்கானிக் அண்ணனுங்க காதுதான் பெரிசு. திக்கற சத்தத்தை வெச்சே காயிலா கார்பனான்னு சொல்லிடுவாங்க. ஈசியூ அந்த அளவுக்கு இன்னும் வளரல.

இங்க பழைய வண்டி வாங்கப்போற ஜூனியர்களுக்கு ஒரு வேலை சொல்றேன். வண்டியோட 17 எழுத்து விஐஎன் நம்பரை வாங்கி, என்ஹெச்டிஎஸ்ஏ தளத்துல போட்டுப் பாருங்க. பைக்குக்கும் வேலை செய்யும். முடிக்காத ரீகால் ஏதாவது இருந்தா காட்டும். வண்டி முதல்ல வித்து 15 வருஷத்துக்குள்ள இருந்தா டீலர் அதை இலவசமா செஞ்சு தரணும், நீங்க எத்தனாவது ஓனர்ங்கறது பிரச்சனையில்ல. ரெகுலேட்டரை ஓசில மாத்திக்கிட்டவங்க உண்டு.

அப்புறம் வண்டி பாக்கப் போறப்போ பையில ஒரு மல்டிமீட்டர். 20 டாலர். விக்கறவன் முன்னாடியே பேட்டரி வோல்டேஜும் 5000 ஆர்பிஎம்ல சார்ஜிங்கும் பாருங்க. செல்ஃப் அடிக்கறப்போ பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து இஞ்சின் பாடி வரைக்கும் வோல்டேஜ் அளந்துப் பாருங்க, அரை வோல்ட் காட்டினா எர்த் வயர் சரியில்ல. சாவி போட்டதும் இஞ்சின் விளக்கு ஒரு தடவை எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க, பல்பைக் கழட்டி வெச்சிருக்கான்னு அர்த்தம் :-)

டிஸ்கி: எந்தக் கோடையும் அழிக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதி வெச்சுக்குங்க, வண்டி அப்போ சூடா இருந்ததா, மழையா, எத்தனை மைல் வேகம்னும் சேர்த்து. பேட்டரி கழட்டினா நெகட்டிவ் முதல்ல, மாட்டினா நெகட்டிவ் கடைசில. நம்ம ஊர்ல பண்ற மாதிரி பல்பு டெஸ்ட் லாம்ப்பை ஹெட்லைட், ஹாரன் வயர்ல போடுங்க, தப்பில்ல. ஈசியூ, சென்சார் வயர்ல மட்டும் வேண்டவே வேண்டாம். பல்பு இழுக்கற கரண்டை அந்த 5 வோல்ட் லைன் தாங்காது. புது ஈசியூ விலை என்னன்னு நான் இங்க எழுதல, ராத்திரி தூக்கம் வராது.